கணக்குக்குக் கணக்கு வேறு திரை, லினக்ஸில் முடியுமா?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பென்றால் திருத்துங்கள். கோயில் மாலைத் தமிழ் வகுப்பில் நாலு பழைய மடிக்கணினிகள், அதில் இரண்டு பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் இருக்கும் உறவினர் கொடுத்தது, நாலிலும் டெபியன் என்ற லினக்ஸ் வகை, மேலே எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப். பிள்ளைகள் தங்கள் பெயரில் நுழைந்தால் வழக்கமான டெஸ்க்டாப் வர வேண்டும், நீங்கள் நிர்வாகி கணக்கில் நுழைந்தால் ஐகானும் படமும் இல்லாமல் நேரே கருப்புத் திரை, கட்டளை வரி. அதற்காக எங்கேயோ படித்து சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட் என்ற கட்டளை கொடுத்து மல்டி-யூசர் டார்கெட்டுக்கு (கட்டளை வரி மட்டும் வரும் நிலைக்கு) மாற்றினீர்கள், பிள்ளைகளுக்கும் கருப்புத் திரையே வந்தது. திருப்பி கிராஃபிகல் டார்கெட்டுக்கு வைத்தீர்கள், உங்களுக்கும் டெஸ்க்டாப்பே வருகிறது. ஆக உங்கள் கேள்வி "எப்படி மாற்றுவது" என்பது இல்லை, அது உங்களுக்கே தெரிந்துவிட்டது. "ஆளுக்குத் தகுந்தபடி எப்படி மாறவைப்பது" என்பதுதான் கேள்வி.

ஒரு சின்ன விஷயம்: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வாயால் எப்படிச் சொல்வோமோ அப்படியே தமிழில் எழுதுகிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். நான் மொரீஷியஸின் எபேனில் சர்வர் பார்க்கும் வேலையில் 18 வருடமாக இருக்கிறேன், டெபியனும் ரெட் ஹாட் லினக்ஸ் குடும்பமும்தான் என் தினசரிப் புழக்கம். கீழே சொல்வதெல்லாம் டெபியனை மனதில் வைத்தே.

நீங்கள் தொட்ட அந்த டார்கெட் முழுக் கணினிக்கும் பொதுவானது, கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதில் சந்தேகமே வேண்டாம். கணினி ஏறும்போது எந்த வாசலைத் திறந்துவைப்பது என்று மட்டும்தான் அது முடிவு செய்கிறது, அந்த நேரத்தில் வரப்போவது நீங்களா ஆறாம் வகுப்புப் பையனா என்று அதற்கு எப்படித் தெரியும்? பெயரையும் கடவுச்சொல்லையும் போட்ட பிறகுதான் ஆள் யார் என்று தெரியும். அதனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வேண்டுமென்றால் அதை லாகின் ஆன பிறகு நடக்கும் இடத்தில்தான் வைக்க முடியும், பூட் ஆகும் இடத்தில் எவ்வளவு குடைந்தாலும் வராது. பழைய ஆட்கள் டார்கெட்டுக்கு முன்பிருந்த ரன்லெவல் 3, ரன்லெவல் 5 என்று சொல்வார்களே, அதுவும் இதே கதைதான். ரெட் ஹாட்டில் இனிட்டாப் என்ற கோப்பில் 5ஐ 3 ஆக்கினால் கருப்புத் திரை வரும். டெபியனில் 2லிருந்து 5 வரை எல்லா ரன்லெவலும் ஒன்றுபோலவே இருந்ததால் அந்த அறிவுரை இங்கே அன்றைக்கும் வேலை செய்யவில்லை. 2015இல் டெபியன் 8 சிஸ்டம்டி என்ற புதிய தொடக்க நிரலுக்கு மாறிய பிறகு அந்தக் கோப்பையே யாரும் படிப்பதில்லை. இன்னும் பல பக்கங்களில் அதைத் திருத்தச் சொல்லி எழுதியிருக்கிறார்கள், கண்டால் தாண்டிப் போய்விடுங்கள்.

இன்னொன்று, இது என் சொந்த அனுபவம். டார்கெட்டை மாற்றிவிட்டு "ரீபூட் செய்யாமலே பார்க்கலாமே" என்று சிஸ்டம்சிடிஎல் ஐசொலேட் கொடுக்கச் சொல்வார்கள். கொடுத்தால் உடனே மாறும், உண்மைதான், ஆனால் அந்தக் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப் முழுவதையும் ஒரே வெட்டாக வெட்டிவிட்டுத்தான் மாறும். முன்பு ஓர் அலுவலகத்தில் தூரத்திலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் இதைக் கொடுத்தேன், அந்த நேரம் பார்த்து கணக்குப் பிரிவு அம்மா ஒருவர் அதே கணினியில் மாதக் கடைசிக் கணக்கைச் சேமிக்காமல் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாரம் அவர் என்னைப் பார்த்து சிரிக்கவே இல்லை. ஆகவே ஐசொலேட் கொடுக்கும் முன் "ஹூ" என்று ஒரு கட்டளை கொடுத்து யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, வழிக்கு வருவோம். உங்கள் வகுப்புக்கு நான் சொல்வது எல்லாவற்றிலும் சோம்பேறித்தனமான வழி: கிராஃபிகல் டார்கெட்டையே வைத்துவிடுங்கள், எதையும் மாற்றாதீர்கள், உங்களுக்குக் கருப்புத் திரை வேண்டும்போது லாகின் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சில மடிக்கணினியில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கருப்பாக ஒரு லாகின் வரி வரும், உங்கள் பெயரைப் போட்டு உள்ளே போங்கள். டெஸ்க்டாப் ஒரு பக்கம் சும்மா காத்திருக்கும், அது உங்கள் கணக்கில் திறக்கவே திறக்காது. லாகின் திரையைக் காட்டும் நிரல் (டிஸ்ப்ளே மேனேஜர்) லைட்டிஎம் என்றால் திரும்பிப் போக எஃப்7, ஜிடிஎம் என்றால் லாகின் திரை எஃப்1இல், உள்ளே போன டெஸ்க்டாப் பெரும்பாலும் எஃப்2இல். எக்ஸ்எஃப்சிஇயோடு டெபியன் போட்டிருந்தால் அநேகமாக லைட்டிஎம்தான். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஈடிசி அடைவில் எக்ஸ்11 என்ற அடைவுக்குள் டிஃபால்ட்-டிஸ்ப்ளே-மேனேஜர் என்றொரு கோப்பு இருக்கும், அதில் ஒரே வரிதான், பெயர் அதில் இருக்கும்.

இந்த வழியில் ஒரே ஓர் ஆபத்து உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. எஃப்3இல் நிர்வாகியாக நுழைந்து வேலை பார்த்துவிட்டு, எக்ஸிட் கொடுக்காமல் எஃப்7க்குத் திரும்பி வந்துவிடுவோம், மறதிதான். டெஸ்க்டாப்பில் திரைப்பூட்டு போட்டிருந்தாலும் அது எஃப்3ஐப் பூட்டாது. அடுத்து உட்காரும் பிள்ளை விளையாட்டாக விசைகளைத் தட்டினால் நேரே உங்கள் நிர்வாகி ஷெல்லில் (கட்டளை வரியில்) போய் நிற்பான், சூடோ என்ற நிர்வாக உரிமைக் கட்டளைக்கான கடவுச்சொல் இப்போதுதான் போட்டிருந்தால் அதைக்கூட மறுபடி கேட்காது. இதற்கு உங்கள் கணக்கின் பாஷ்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் டிஎம்அவுட் என்ற மாறியை 300 என்று வைத்துவிடுங்கள், ஐந்து நிமிடம் எதுவும் அடிக்காமல் பிராம்ப்ட்டிலேயே (கட்டளைக்குக் காத்திருக்கும் வரியிலேயே) நின்றால் பாஷ் என்ற அந்த ஷெல் தானாக வெளியேறிவிடும். ஆனால் ஏதாவது எடிட்டரைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் இது காப்பாற்றாது, பாஷ் பிராம்ப்ட்டில் காத்திருக்கும்போது மட்டும்தான் அந்த நேரக் கணக்கு ஓடும்.

"இல்லை, பெயர் போட்டதும் தானாகவே பிரிய வேண்டும்" என்று பிடிவாதமாக இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. மல்டி-யூசர் டார்கெட்டில் பூட் ஆகட்டும், எல்லோரும் கருப்புத் திரையில் பெயர் போடட்டும், பிள்ளையின் கணக்கு என்றால் உள்ளே போன கையோடு ஸ்டார்ட்எக்ஸ் ஓடி டெஸ்க்டாப் வரட்டும், உங்கள் கணக்கு என்றால் எதுவும் ஓடாமல் அப்படியே நிற்கட்டும். இதை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு அடைவிலும் புள்ளி பாஷ்_புரொஃபைல் கோப்பில் எழுதச் சொல்வார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன், காரணம் இரண்டு. ஒன்று, அது பிள்ளைக்குச் சொந்தமான கோப்பு, அவன் அழிக்கலாம். இரண்டாவதுதான் பலரைக் கவிழ்த்த குழி: பாஷ் முதலில் பாஷ்_புரொஃபைலைத் தேடும், அது இல்லையென்றால் பாஷ்_லாகின், அதுவும் இல்லையென்றால்தான் புரொஃபைல். டெபியன் ஒவ்வொரு கணக்குக்கும் புரொஃபைல் கோப்பைத்தான் கொடுத்திருக்கிறது. நீங்கள் புதிதாக பாஷ்_புரொஃபைல் ஒன்றை உருவாக்கிய நிமிடமே பழைய புரொஃபைலை யாரும் படிக்க மாட்டார்கள், அதன் வழியாக வந்துகொண்டிருந்த பாஷ்ஆர்சியும் கட்டளை வரி லாகினில் நின்றுபோகும். "நேற்று வரை இருந்த குறுக்குவழி எல்லாம் இன்று காணோம்" என்று வந்து நிற்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் வியாதி.

அதனால் ஒரே இடத்தில் வையுங்கள். பிள்ளைகள் கணக்கு எல்லாவற்றையும் ஒரு குழுவில் சேர்த்து, மாணவர் என்று ஏதாவது பெயர் கொடுத்து, ஈடிசி அடைவில் புரொஃபைல்.டி என்பதற்குள் எஸ்ஹெச் என்று முடியும் ஒரு சின்னக் கோப்பு எழுதுங்கள். அதில் மூன்று சோதனை: டிஸ்ப்ளே என்ற மாறி காலியாக இருக்கிறதா, டிடிஒய் என்ற கட்டளை தரும் விடை டெவ் அடைவில் உள்ள டிடிஒய்1 (முதல் கருப்புத் திரை) தானா, ஐடி கட்டளையை கழித்தல் குறி என், பெரிய எழுத்து ஜி போட்டு ஓட்டினால் வரும் குழுப் பட்டியலில் மாணவர் குழு இருக்கிறதா. மூன்றும் ஆம் என்றால் "எக்ஸெக் ஸ்டார்ட்எக்ஸ்". ஸ்டார்ட்எக்ஸைத் தரும் எக்ஸ்இனிட் என்ற பொதியை முன்கூட்டியே நிறுவியிருக்க வேண்டும், லைட்டிஎம் மட்டும் இருக்கும் கணினியில் அது இல்லாமலும் இருக்கலாம்.

அந்த எக்ஸெக் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் வெறும் ஸ்டார்ட்எக்ஸ் என்று எழுதினாலும் டெஸ்க்டாப் வரும், எல்லாம் சரியாக நடப்பது போலவே தெரியும். ஆனால் பிள்ளை லாக்-அவுட் செய்ததும் கணினி லாகினுக்குப் போகாமல் அவன் கணக்கின் ஷெல்லில் வந்து நிற்கும், அடுத்தவன் வந்து அவன் பெயரிலேயே என்ன வேண்டுமானாலும் செய்யலாம். எக்ஸெக் போட்டால் ஷெல்லின் இடத்தையே டெஸ்க்டாப் பிடித்துக்கொள்வதால் அது முடிந்தால் லாகினே முடிந்தது. டிடிஒய்1 சோதனையும் அதே அளவுக்கு முக்கியம். ஜிடிஎம் போன்ற சில டிஸ்ப்ளே மேனேஜர்கள் டெஸ்க்டாப் திறக்கும்போது இந்த புரொஃபைல் கோப்புகளையும் படித்துவிட்டுத்தான் போகும், சோதனை இல்லாமல் ஸ்டார்ட்எக்ஸ் எழுதியிருந்தால் டெஸ்க்டாப்புக்குள் டெஸ்க்டாப் திறக்கப் பார்த்து, முடியாமல், கடவுச்சொல் சரியாகப் போட்டும் லாகின் திரைக்கே திரும்பத் திரும்ப வந்து விழும். எஸ்எஸ்ஹெச் வழியாக யாராவது நுழைந்தாலும் இதே தொல்லைதான்.

இது தொழில்நுட்பமாக நீங்கள் கேட்டதையே அப்படியே தருகிறது, இருந்தும் வகுப்பறைக்கு இதை நான் முதலில் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை கணினியைப் போட்டதும் கருப்பில் ஒரு வெள்ளைக் கோடு மினுக்கினால் "கி எத்தே சா?" (இது என்ன?) என்று கிரியோலில் கேட்டுவிட்டு அணைத்துவிட்டுப் போய்விடும். கடவுச்சொல் அடிக்கும்போது நட்சத்திரம்கூடத் தெரியாது, எதுவும் பதிவாகவில்லை என்று நினைத்து இரண்டு தடவை அடிப்பார்கள். தமிழ் வகுப்புக்கு இதைவிடப் பெரிய குறை, அந்தக் கருப்புத் திரையில், அதாவது கன்சோலில், தமிழே தெரியாது. நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, 1998இல் அதை மற்ற மொழிகளோடு எந்த வரிசையில் அச்சிடுவது என்று பெரிய தகராறே நடந்து நோட்டைத் திரும்பப் பெற்றார்கள், ஆனால் லினக்ஸ் கன்சோலில் வரிசைச் சண்டைக்கே இடமில்லை. அதன் எழுத்துருவில் மொத்தம் 512 வடிவங்களுக்கு மேல் ஏற்ற முடியாது, கொம்பையும் காலையும் எழுத்தோடு சேர்த்து அமைக்கவும் அதற்குத் தெரியாது. பிள்ளை "பாடம் ஒன்று" என்று தமிழில் பெயர் வைத்துச் சேமித்த கோப்பு அங்கே வரிசையாகக் கட்டங்களாகத்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், டெஸ்க்டாப்பில் திறந்தால் நன்றாகவே இருக்கும்.

அப்புறம் அந்த ரீயூனியன் கணினிகள். கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் "இரண்டு கணினியில் மட்டும் சில நேரம் கடவுச்சொல் தப்பு என்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, என் கண் நேரே அங்கேதான் போனது. அங்கிருந்து வந்தவை என்றால் பெரும்பாலும் பிரெஞ்சு விசைப்பலகை, அசெர்டி. நிறுவும்போது அமெரிக்க விசைப்பலகை என்று விட்டிருப்பீர்கள், பிறகு எக்ஸ்எஃப்சிஇ அமைப்புகளில் போய் பிரெஞ்சு என்று மாற்றியிருப்பீர்கள். அந்த மாற்றம் அந்தக் கணக்கின் டெஸ்க்டாப்புக்கு மட்டும்தான். லாகின் திரையும் கன்சோலும் இன்னும் குவெர்ட்டி (அமெரிக்க விசைப்பலகை) என்றே நினைத்துக்கொண்டிருக்கும், நீங்கள் ஏ என்று பொறித்த விசையை அழுத்தினால் அங்கே கியூ விழும், இசட்டும் டபிள்யூவும் இடம் மாறும், எம் இருக்கும் இடத்தில் அரைப்புள்ளி விழும். எண் இன்னும் மோசம், அசெர்டியில் ஷிஃப்ட் பிடித்தால்தான் எண், குவெர்ட்டியில் ஷிஃப்ட் பிடித்தால் குறி. கடவுச்சொல்லில் இந்த எழுத்தோ எண்ணோ இல்லாத பிள்ளைக்கு எல்லாம் ஒழுங்காக நடக்கும், இருக்கிற பிள்ளைக்கு மட்டும் நடக்காது, அதனால்தான் "சில நேரம்" என்று தோன்றுகிறது. இது என் ஊகம்தான், ஆனால் சோதிக்க அரை நிமிடம் போதும்: எஃப்3க்குப் போய், பெயர் கேட்கும் இடத்தில் ஏ, கியூ, இசட், டபிள்யூ என்று பொறித்த விசைகளை அழுத்தி திரையில் என்ன விழுகிறது என்று பாருங்கள், பார்த்ததும் அழித்துவிடுங்கள். கடவுச்சொல்லையே அங்கே அடித்துப் பார்க்க வேண்டாம், தவறி என்டர் தட்டினால் அது பயனர் பெயர் என்று பதிவேட்டில் போய் உட்காரவும் கூடும். ஊகம் சரியென்றால் டிபிகேஜி-ரீகன்ஃபிகர் கட்டளைக்கு கீபோர்டு-கன்ஃபிகரேஷன் என்ற பொதியின் பெயரைக் கொடுத்து அந்த இரண்டு கணினியிலும் பிரெஞ்சைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை ரீபூட் செய்யுங்கள், கன்சோல், லாகின் திரை இரண்டுக்கும் சேர்த்து மாறும்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். லைட்டிஎம் திரையிலேயே ஒவ்வொரு கணக்கும் எந்த செஷனில் திறக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம், கடைசியாக எடுத்ததைக் கணக்குவாரியாக நினைவில் வைத்துக்கொள்ளும். யூஎஸ்ஆர், ஷேர், எக்ஸ்செஷன்ஸ் என்ற அடைவில் டெஸ்க்டாப் என்று முடியும் ஒரு கோப்பு எழுதி, அதில் ஓட வேண்டியது வெறும் எக்ஸ்டெர்ம் (சாளரத்தில் ஓடும் கட்டளை வரி) என்று வைத்தால், உங்கள் கணக்குக்கு அதை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு எப்போதும் ஒற்றை டெர்மினல்தான் வரும். பார்க்கக் கருப்புத் திரை மாதிரியே இருக்கும், ஆனால் அடியில் எக்ஸ் என்ற வரைகலை அமைப்பு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சாளரங்களை நிர்வகிக்கும் விண்டோ மேனேஜர் இல்லாததால் சுட்டி அந்தச் சாளரத்தின் மேல் இல்லையென்றால் நீங்கள் அடிப்பது உள்ளே போகாது, முதல் தடவை விசைப்பலகை கெட்டுவிட்டது என்றே நினைப்பீர்கள். தமிழ் எழுத்து, எழுத்துரு சரியாக அமைந்திருந்தால், இதில் கட்டமாக இல்லாமல் தெரியும், ஆனால் கொகரம் மாதிரி இரு பக்கமும் குறி வரும் எழுத்துகள் கொஞ்சம் கோணல்மாணலாகத்தான் வரும்.

தடுப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள், பிள்ளைகள் எஃப்3 வழியாக நுழையவே கூடாது என்று. மேலே சொன்னவை எல்லாம் வசதிக்கான ஏற்பாடுகள், பூட்டு இல்லை. பூட்டு என்றால், யாரை உள்ளே விடுவது என்று சரிபார்க்கும் பாம் என்ற அடுக்குதான். ஈடிசி அடைவில் பாம்.டி என்பதற்குள் லாகின் என்ற கோப்பில் பாம்_ஆக்சஸ் என்று ஒரு வரி முன்னால் ஹாஷ் குறி (#) போட்டு முடக்கப்பட்டிருக்கும், குறியை எடுத்துவிடுங்கள். அடுத்து ஈடிசி, செக்யூரிட்டி அடைவில் ஆக்சஸ்.கான்ஃப் கோப்பில் ஒரு வரி: கழித்தல் குறி, முக்காற்புள்ளி, அடைப்புக்குள் மாணவர் குழுவின் பெயர், முக்காற்புள்ளி, ஆல். அடைப்பு போடுவது அது குழு, ஆள் பெயர் இல்லை என்று சொல்வதற்காக. இனி அந்தக் குழுவில் யாரும் கருப்புத் திரையில் நுழைய முடியாது, டெஸ்க்டாப் தடையில்லாமல் வரும். எனவே இதை புரொஃபைல்.டி வழியோடு சேர்த்து வைத்துவிடாதீர்கள், வைத்தால் பிள்ளைகளுக்கு உள்ளே வர வழியே இல்லாமல் போகும். தலைகீழாக ஒருவரை டெஸ்க்டாப்பிலிருந்து தடுக்க வேண்டுமென்றால் பாம்_சக்சீட்_இஃப் இருக்கிறது. டெபியனில் ஜிடிஎம் வழியாக ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கில் நுழைய முடியாமல் இருப்பதே அதை வைத்து எழுதிய ஒற்றை வரியால்தான், அதைப் பார்த்து லைட்டிஎம் கோப்பில் உங்கள் பெயருக்கு எழுதிக்கொள்ளலாம்.

பாம் கோப்பைத் தொடும் முன் எஃப்4இல் ரூட்டாக ஒரு லாகின் போட்டு அப்படியே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து தப்பினாலும் யாராலும், உங்களாலும்கூட, நுழைய முடியாமல் போகலாம், ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவரை அது வெளியே தள்ளாது. மாற்றியதும் எஃப்5இல் ஒரு மாணவர் கணக்கு, எஃப்6இல் உங்கள் கணக்கு என்று இரண்டையும் சோதித்துப் பார்த்துவிட்டு, பிறகு எஃப்4ஐ மூடுங்கள். முதலில் ஒரே ஒரு கணினியில், அதுவும் குவெர்ட்டி விசைப்பலகை உள்ளதில் செய்து பாருங்கள்.